மார்க்கெட்டிங் மாநாடுகள்: எதற்கு நேரில் போவது, எதை இருந்த இடத்திலிருந்தே பார்ப்பது?

எந்த மாநாடு நல்லது, டிக்கெட் விலை நியாயமா, ஆன்லைனில் பார்த்தால் போதாதா, ஆபீஸில் எப்படி அனுமதி வாங்குவது என்று மார்க்கெட்டிங் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், ஒரு குழுவை நடத்துபவர், தனியாக ஃப்ரீலான்ஸ் செய்பவர் ஆகிய மூவரும் மனதில் இருக்கிறார்கள். உங்களுக்குப் பொருந்தாத கேள்வியைத் தாண்டிப் போய்விடலாம்.

எந்த மாநாட்டுக்குப் போவது என்று எங்கிருந்து யோசிக்க ஆரம்பிப்பது?

மாநாட்டுப் பெயர்களை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். இந்த ஆண்டு உங்கள் வேலையில் உங்களைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். "துறையில் புதிதாக என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்று எழுதினால் அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. "நாங்கள் அனுப்பும் மின்னஞ்சல்கள் ஏன் ஸ்பேமில் போய் விழுகின்றன?" என்று எழுதினால் தேர்ந்தெடுக்கலாம். "விளம்பரச் செலவில் எது விற்பனையைக் கொண்டுவருகிறது என்று நிதித் துறைக்கு எப்படிக் காட்டுவது?" என்பதும் அப்படித்தான்.

கேள்வி கையில் வந்ததும் அதற்கான பதில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில பதில்கள் ஆவணங்களிலேயே கிடைக்கும். 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புபவர்களுக்குப் புது விதிகளைக் கொண்டுவந்தன. ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புபவர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மின்னஞ்சல் உண்மையிலேயே அவர் பெயரில்தான் வருகிறது என்று உறுதிசெய்யும் அமைப்புகள்) மூன்றையும் அமைத்திருக்க வேண்டும். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. இதெல்லாம் கூகுளின் உதவிப் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. இதைக் கேட்க விமானம் ஏற வேண்டியதில்லை.

ஆனால், "டிமார்க் கொள்கையை இறுக்கியதும் எங்கள் பழைய பில்லிங் மென்பொருள் அனுப்பும் மின்னஞ்சல்கள் போய்ச் சேரவில்லை, நீங்கள் எதை முதலில் சரிசெய்தீர்கள்?" என்ற கேள்விக்கு உதவிப் பக்கத்தில் பதில் இருக்காது. அந்தச் சிக்கலில் மாட்டி மீண்ட ஒருவரிடம்தான் இருக்கும். அவரைப் போன்றவர்கள் எந்தக் கூட்டத்தில் கூடுகிறார்கள் என்று தேடுவதுதான் மாநாட்டைத் தேர்ந்தெடுப்பது. பேச்சாளர் பட்டியலை எல்லோரும் பார்ப்பார்கள். யார் கேட்க வருகிறார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அப்படியானால் நேரில் போவதா, ஆன்லைனில் பார்ப்பதா?

மேடையில் பேசுவது எப்படியும் உங்களைத் தேடி வந்துவிடும். ரெக்கார்டிங்காக வரும், ஸ்லைடாக வரும், பேச்சாளரே எழுதும் கட்டுரையாக வரும். மேடையைவிட்டு இறங்கியபின் பேசுவது வராது. அதனால் பேச்சுகள் மட்டும் வேண்டுமென்றால் ஆன்லைன் போதும், மனிதர்கள் வேண்டுமென்றால் நேரில் போங்கள். முதல் வடிகட்டலுக்கு இது போதும்.

இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கலாம். ஒரு புதுத் துறைக்குள் நுழைகிறீர்கள், அடிப்படைகளே இனிமேல்தான் என்றால் ஆன்லைன்தான் நல்லது. நிறுத்தலாம், பின்னால் ஓட்டிக் கேட்கலாம், புரியாத சொல்லைத் தேடிப் பார்க்கலாம். குழுவில் ஐந்து பேருக்கும் ஒரே விஷயம் தெரிய வேண்டுமென்றாலும் ஆன்லைன்தான். ஒரு கருவியின் புது வசதிகளைப் பார்க்கவும் அதுவே போதும். கூகுள் தன் விளம்பரப் பொருட்களின் அறிவிப்புகளை வெளியிடும் 'கூகுள் மார்க்கெட்டிங் லைவ்' நிகழ்ச்சியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

நேரில் போக வேண்டிய சூழ்நிலைகள் வேறு. வேலை மாற நினைக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்துக்கு ஏஜென்சியையோ மென்பொருளையோ தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஊரில் உங்கள் வேலையைச் செய்பவர் நீங்கள் ஒருவர்தான், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. அல்லது மேடையில் சொல்ல முடியாத விஷயங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. தோற்றுப்போன பிரச்சாரம், கைவிட்ட மென்பொருள், உண்மையான சம்பள நிலவரம் இவையெல்லாம் கேமரா ஓடும்போது யாரும் பேசுவதில்லை. சில வட்டமேசைக் கூட்டங்களை 'சாத்தம் ஹவுஸ் விதி'ப்படி நடத்துவதே இதற்காகத்தான். 1927 முதல் இருக்கும் விதி அது: கேட்டதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், சொன்னவர் யார், எந்த நிறுவனம் என்று வெளியே சொல்லக்கூடாது. ஒரு மாநாட்டின் நிரலில் இப்படிப்பட்ட சிறு கூட்டங்கள் இருந்தால் அதற்கு நேரில் போவதில் அர்த்தம் இருக்கிறது.

இரண்டும் கலந்த ஹைப்ரிட் மாநாடுகளும் உண்டு. அவற்றில் ஆன்லைன் டிக்கெட் வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: ஆன்லைனில் இருப்பவர் கேள்வி கேட்டால் அரங்கில் யாராவது அதைப் படிப்பார்களா? அதற்கென்று ஒருவரை நியமித்திருந்தால் வாங்கலாம். வெறும் கேமரா ஒளிபரப்புதான் என்றால் ரெக்கார்டிங் வரும்வரை காத்திருங்கள்.

பெரிய பெயர்கள் நிறையக் கேள்விப்படுகிறேன். எது எதற்கானது?

எல்லாவற்றையும் பட்டியலிட முடியாது. வகை புரிந்துவிட்டால் புதிதாக எதைப் பார்த்தாலும் எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

முதல் வகை, படைப்பாற்றல் விழாக்கள். கான் லயன்ஸ் இதில் மூத்தது. 1954-ல் வெனிஸில் விளம்பரப் படங்களுக்கான விழாவாகத் தொடங்கியது. கான் திரைப்பட விழாவைப் பார்த்து வந்த யோசனை அது. சில காலம் வெனிஸுக்கும் கானுக்கும் மாறி மாறிப் போய், 1984 முதல் பிரான்ஸின் கான் நகரிலேயே ஜூன் மாதத்தில் நடக்கிறது. விருதுகள்தான் அதன் உயிர். பெரிய பிராண்டுகளின் தலைமை அதிகாரிகளும் ஏஜென்சிகளும் சந்திக்கும் இடம். உங்கள் வேலை அந்த வட்டத்தில் இருந்தால் அதற்கு ஈடில்லை. உங்கள் வேலை இணையதளத்துக்கு ஆட்களைக் கொண்டுவருவது என்றால் அந்தச் செலவில் வேறு நான்கு காரியம் செய்யலாம்.

இரண்டாவது, மார்க்கெட்டிங்கில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் சுற்றிக் கூடும் மாநாடுகள். எஸ்இஓ என்னும் தேடுபொறி வேலைக்கு (கூகுள் போன்றவற்றின் தேடலில் நம் பக்கங்கள் முன்னால் வரச் செய்வது) பிரைட்டன்எஸ்இஓ. இங்கிலாந்தின் பிரைட்டனில் ஒரு பப்பில் கூடிய சிறு கூட்டமாக ஆரம்பித்து, இன்று ஆயிரக்கணக்கானோர் வரும் மாநாடாகிவிட்டது. ஒரு பகுதி டிக்கெட்டுகளைக் குலுக்கலில் இலவசமாகக் கொடுத்து வந்த மாநாடு அது. உள்ளடக்க வேலைக்கு கன்டென்ட் மார்க்கெட்டிங் வேர்ல்ட், 2011-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் தொடங்கியது. சமூக ஊடக வேலைக்கு சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் வேர்ல்ட், பல ஆண்டுகள் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்தது. வேலையைத் தானே இறங்கிச் செய்பவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் உங்கள் வேலையையே செய்கிறார் என்பதால் பேச்சு உடனே உள்ளே போய்விடும்.

மூன்றாவது, ஒரு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களைக் கூட்டி நடத்துவது. ஹப்ஸ்பாட்டின் இன்பவுண்ட், அடோபியின் சம்மிட் இரண்டும் இந்த வகை. இதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

நான்காவது, வர்த்தகக் கண்காட்சிகள். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 முதல் நடக்கும் டிமெக்ஸ்கோ ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பேச்சுகளும் உண்டு, ஆனால் கூட்டம் வருவது நிறுவனங்கள் ஸ்டால் போடும் அரங்குகளுக்காக. விற்பவரும் வாங்குபவரும் சந்திக்கும் சந்தை அது. இந்தச் சந்தை எவ்வளவு பெருத்துவிட்டது என்பதற்கு ஒரு கணக்கு: மார்க்கெட்டிங் மென்பொருட்களைத் தொகுத்து ஆண்டுதோறும் வரைபடம் வெளியிடும் ஸ்காட் பிரிங்கர், 2011-ல் போட்டபோது அதில் சுமார் 150 பெயர்கள் இருந்தன. 2025-ல் 15,384. இத்தனைக்கும் நடுவே மூன்று நான்கை ஒப்பிட்டு வாங்க வேண்டியவர் கண்காட்சிக்குப் போனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்துவிடலாம். வாங்கும் எண்ணம் இல்லாதவருக்குக் கால் வலிதான் மிஞ்சும்.

ஐந்தாவது, முழுக்க ஆன்லைன். மார்க்கெட்டிங் மென்பொருட்களைப் பற்றி 2014-ல் நேரடி மாநாடாகத் தொடங்கிய மார்டெக், 2020-ல் இணையத்துக்கு மாறி, அதன்பின் இலவசமாகவே நடந்துவருகிறது. முதல்முறை முயல்பவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

மாநாடுகள் ஊர் மாறும். கன்டென்ட் மார்க்கெட்டிங் வேர்ல்ட் 2023-ல் வாஷிங்டன் போனது. வருடக்கணக்கில் பாஸ்டனில் நடந்த இன்பவுண்ட் 2025-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. போன ஆண்டு படித்ததை நம்பி அறை பதிவு செய்துவிடாதீர்கள்.

மென்பொருள் நிறுவனமே நடத்தும் மாநாடு வெறும் விளம்பரம்தானே?

விளம்பரமும் இருக்கும். ஆனால் அந்த மென்பொருளை நீங்கள் தினமும் பயன்படுத்துபவர் என்றால், அதை உருவாக்கும் பொறியாளரிடமும் உங்களைப் போன்ற மற்ற பயனாளரிடமும் நேரில் பேசக் கிடைக்கும் வாய்ப்பு சாதாரணமானது இல்லை. மாதக்கணக்கில் சப்போர்ட்டில் தொங்கும் ஒரு சிக்கல் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடக்கூடும். போவதற்கு முன் சிக்கலின் ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

அந்த மென்பொருளை வாங்கலாமா என்று யோசிக்கும் நிலையில் இருந்தால் மட்டும் கவனம். அங்கே மேடையேறும் வாடிக்கையாளர் எல்லோரும் திருப்தியாக இருப்பவர்கள். மற்றவர்களை யாரும் மேடைக்கு அழைக்க மாட்டார்கள். தேநீர் இடைவேளையில் பேசுங்கள், அப்போதுதான் முழுப் படம் கிடைக்கும். முக்கிய உரைகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு அடோபி சம்மிட் போன்றவை அவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்து மாநாட்டின் தரத்தை எப்படி அறிவது?

இப்படி ஒரு நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 10:15, பெரிய அரங்கு. தலைப்பு: 'செயற்கை நுண்ணறிவும் மார்க்கெட்டிங்கின் எதிர்காலமும்'. பேசுபவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் துணைத் தலைவர். கீழே சின்ன எழுத்தில் 'வழங்குபவர்' என்று அதே நிறுவனத்தின் பெயர். அதே 10:15-க்குச் சின்ன அரங்கில் இன்னொன்று: 'பழைய பக்கங்கள் 4,000-ஐ நீக்கினோம்: ஆறு மாதத்தில் என்ன ஆனது?' பேசுபவர் ஒரு கடைத்தளத்தின் எஸ்இஓ மேனேஜர். குறிப்பில், எந்தப் பக்கங்களை நீக்கினார்கள், எதை அளந்தார்கள், எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று மூன்று வரி.

முதல் பேச்சுக்கான நேரத்தை ஸ்பான்சர் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார். அதில் தப்பில்லை, பல மாநாடுகள் அப்படித்தான் செலவை ஈடுகட்டுகின்றன. ஆனால் நிரலில் அப்படிப்பட்டவை எத்தனை, இரண்டாவது வகை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் முதல் வகை என்றால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

பேச்சாளரின் பதவியைவிட, அவர் பேசப்போவதைத் தானே செய்தவரா என்பதைப் பாருங்கள். அவருடைய பழைய பேச்சு ஏதாவது யூடியூபில் இருக்கும், பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எல்லா மேடையிலும் ஒரே பேச்சைப் பேசுபவரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆருடம் சொல்லும் தலைப்புகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். குரோம் உலாவியில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை (ஒருவர் எந்தெந்தத் தளங்களைப் பார்க்கிறார் என்று விளம்பர நிறுவனங்கள் பின்தொடர உதவும் சிறு கோப்புகள்) இரண்டு ஆண்டுகளில் நீக்கப்போவதாக கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. அதன்பின் எந்த மாநாட்டு நிரலைத் திறந்தாலும் 'குக்கீ இல்லாத உலகம்' என்று ஓர் அமர்வு இருந்தது. கூகுள் காலக்கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அந்த அமர்வுகளில் பயந்து ஓடச் சொன்னவை வீணாயின. வாடிக்கையாளர் தரவை நேரடியாக, அனுமதியோடு சேர்ப்பது எப்படி என்று தாங்கள் செய்ததைக் காட்டியவை இன்றும் உதவுகின்றன. தேர்ந்தெடுக்கும்போது இந்த வித்தியாசத்தைத் தேடுங்கள்.

கடைசியாக, இடைவேளைகளைப் பாருங்கள். காலை முதல் மாலை வரை மூச்சுவிடாமல் அமர்வுகளை அடுக்கியிருந்தால் யாரும் யாரோடும் பேச முடியாது. அமர்வுகளுக்கு நடுவே அரை மணி நேரம் விட்டிருக்கும் மாநாட்டை நடத்துபவருக்கு மாநாடு எதற்கென்று தெரிந்திருக்கிறது.

மொத்தச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

டிக்கெட், பயணம், தங்குமிடம், சாப்பாடு, விசா, உள்ளூர்ப் போக்குவரத்து. இவற்றை எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது, நீங்கள் இல்லாத நாட்களில் நிற்கும் வேலை. ஃப்ரீலான்ஸ் செய்பவருக்கு அது நேரடியான வருமான இழப்பு. இரண்டு நாள் மாநாட்டுக்குப் பயணத்தோடு நான்கு நாள் போனால், நான்கு நாள் வருமானத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மாநாட்டு ஓட்டல் விலை அதிகமாக இருக்கும். ஆனால் ரொம்பத் தூரத்தில் மலிவாகத் தங்கினால் மாலைச் சந்திப்புகளைத் தவறவிடுவீர்கள், நேரில் போனதே அவற்றுக்காகத்தான். நடந்து போகும் தூரத்தில் ஒரு சாதாரண அறை கிடைத்தால் அதுதான் சரியான இடம்.

டிக்கெட்டை எப்போது வாங்குவது?

முன்கூட்டியே வாங்கினால் மலிவு, தேதி நெருங்க நெருங்க ஏறும். பெரும்பாலான மாநாடுகள் இப்படித்தான் விற்கின்றன. ஆனால் மிக முன்னதாக விற்கும்போது நிகழ்ச்சி நிரலே வந்திருக்காது. போன இரண்டு ஆண்டுகளின் நிரலைப் பார்த்து, தரம் தொடர்ச்சியாக இருந்தால் நம்பி வாங்கலாம். முதல்முறை நடக்கும் மாநாடு என்றால் நிரல் வரும்வரை பொறுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.

வாங்குமுன் ரத்து விதிகளை முழுக்கப் படியுங்கள். 2020 மார்ச் 6 அன்று, தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, அமெரிக்காவின் ஆஸ்டினில் நடக்கவிருந்த எஸ்எக்ஸ்எஸ்டபிள்யூ என்ற இசை, திரைப்பட, தொழில்நுட்ப விழா ரத்தானது. பலருக்குப் பணம் கையில் வரவில்லை. வேறொரு ஆண்டுக்கு டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். ரத்தானால் பணமா, வேறு ஆண்டுக்கு மாற்றமா? நீங்கள் போக முடியாவிட்டால் டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாமா? இரண்டுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு மாநாடு. விசாவுக்கு எவ்வளவு முன்னால் தயாராக வேண்டும்?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்துவிட வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்வரை ஆகும். அமெரிக்காவுக்கு மாநாட்டில் கலந்துகொள்ள பி-1 விசா, நேர்காணலுக்கு இடம் கிடைக்கவே சில இடங்களில் மாதங்கள் ஆகலாம். பிரிட்டனுக்கு வழக்கமான பார்வையாளர் விசாவிலேயே மாநாட்டுக்குப் போகலாம்.

பெரும்பாலான மாநாடுகள் டிக்கெட் வாங்கிய பிறகுதான் அழைப்புக் கடிதம் தருவார்கள். அதனால் விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்று முதலிலேயே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் மாநாடு எனக்கு நடுராத்திரியில் வருகிறது. என்ன செய்வது?

நேரலையில் இருந்தே ஆக வேண்டிய ஒன்றிரண்டு அமர்வுகளைத் தேர்ந்தெடுங்கள். கேள்வி-பதில், சிறுகுழு உரையாடல், ஒர்க்‌ஷாப் இவை நேரலைக்கு உரியவை. மற்றதை ரெக்கார்டிங்கில் பார்க்கலாம். ரெக்கார்டிங் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று பாருங்கள், சில மாநாடுகளில் சீக்கிரமே மூடிவிடுவார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், பலர் இதில் மாட்டுகிறார்கள். அமெரிக்காவில் கடிகாரத்தை மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். ஐரோப்பாவில் அது மார்ச் கடைசி ஞாயிறன்று. நடுவில் இருக்கும் வாரங்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வழக்கமான 5 மணி நேர வித்தியாசம் 4 ஆகிவிடும். கடிகாரத்தை மாற்றாத நாடுகளில் இருப்பவர்களுக்கும் அமெரிக்க நிகழ்ச்சி ஒரு மணி நேரம் முன்னதாகவே தொடங்கிவிடும். வசந்த கால மாநாடுகள் பல இந்த இடைவெளியில்தான் வருகின்றன. மனக்கணக்கை நம்பாமல், மாநாட்டுத் தளம் தரும் காலண்டர் கோப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் ஆபீஸ் வேலைக்குள் போய்விடுகிறேன். வழி உண்டா?

வீட்டிலோ ஆபீஸிலோ இருப்பதால் நீங்கள் சும்மா இருப்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். நேரில் போயிருந்தால் 'வெளியூரில் இருக்கிறேன்' என்று தானியங்கி பதில் போடுவீர்கள் அல்லவா? ஆன்லைன் மாநாட்டுக்கும் அதையே போடுங்கள். காலண்டரை அடைத்துவிடுங்கள். முழுநாளும் வேண்டாம், தேர்ந்தெடுத்த மூன்று மணி நேரத்துக்குப் போட்டால் போதும்.

அப்புறம், ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே அமர்வைப் பார்த்துவிட்டு, முடிந்ததும் கால் மணி நேரம் போனில் பேசுவது என்று வைத்துக்கொண்டால் கவனம் தானாக வரும். ஆன்லைனில் இல்லாமல்போகும் வராந்தாப் பேச்சுக்கு இது ஓரளவு ஈடு. அரட்டைப் பெட்டியில் நல்ல கேள்வி கேட்டவருக்கு அன்றே லிங்க்ட்இனில் அந்தக் கேள்வியைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள். பலர் பதில் போடுவார்கள்.

இலவச ஆன்லைன் மாநாடு என்கிறார்கள். உண்மையிலேயே இலவசமா?

பணம் கேட்க மாட்டார்கள், உங்கள் விவரங்களைக் கேட்பார்கள். பதிவு செய்தவர்களின் பெயர், பதவி, மின்னஞ்சல் ஸ்பான்சர்களுக்குப் போகும் என்று விதிமுறையில் எழுதியிருப்பார்கள். மார்க்கெட்டிங்காரர்களாகிய நமக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாத பெட்டிகளில் டிக் எடுத்துவிடுங்கள். நேரடி மாநாட்டில் அரங்குகளில் உங்கள் பேட்ஜை ஸ்கேன் செய்வதும் இதேதான். பரிசுப் பைக்காக எல்லா அரங்கிலும் பேட்ஜை நீட்டினால் திரும்பி வந்ததும் விற்பனை அழைப்புகள் வரிசைகட்டும்.

மாநாட்டுக்குப் பதிவு செய்ததும் விதவிதமான மின்னஞ்சல்கள் வருகின்றன. எல்லாம் உண்மையா?

இல்லை. இரண்டு மோசடிகள் இந்தத் துறையில் ரொம்பக் காலமாக நடக்கின்றன. ஒன்று, 'மாநாட்டில் பங்கேற்பவர்களின் முழுப் பட்டியல் விற்பனைக்கு' என்று வரும் மின்னஞ்சல். அரங்கு எடுத்தவர்களையும் ஸ்பான்சர்களையும் குறிவைத்து அனுப்புவார்கள். பட்டியல் பெரும்பாலும் போலி, உண்மையானதாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் சேர்த்த முகவரிகள். தொடவே வேண்டாம்.

இரண்டாவது, ஓட்டல் மோசடி. 'மாநாட்டுக்கான அறைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன, உடனே பதிவு செய்யுங்கள்' என்று மாநாட்டின் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். பணம் போய்விடும், அறை இருக்காது. மாநாட்டின் அதிகாரபூர்வ தளத்தில் இருக்கும் இணைப்பு வழியாகவோ ஓட்டலிடம் நேரடியாகவோ மட்டும் பதிவு செய்யுங்கள்.

'உங்களைப் பேச்சாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், கட்டணம் இவ்வளவு' என்று வருவதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நல்ல மாநாடுகள் பேச்சாளரிடம் பணம் கேட்பதில்லை.

மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?

'மாநாட்டுக்குப் போகட்டுமா?' என்று கேட்டால் அது சலுகை கேட்பது போல இருக்கும். வேலையிலிருந்து தொடங்குங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம். அடுத்த காலாண்டில் நாம் மின்னஞ்சல் தளத்தை மாற்றப்போகிறோம். நாம் பரிசீலிக்கும் மூன்று தளங்களும் இந்த மாநாட்டில் அரங்கு வைத்திருக்கின்றன. அதே மாற்றத்தைச் செய்து முடித்த இருவர் அங்கே பேசுகிறார்கள், அவர்களிடம் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன். மொத்தச் செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். திரும்பி வந்த வாரமே மூன்று தளங்களின் ஒப்பீட்டைக் குழுவுக்குத் தருகிறேன். நேரில் போக முடியாவிட்டால் ஆன்லைன் டிக்கெட் போதும், ஆனால் டெமோக்களையும் சந்திப்புகளையும் தவறவிடுவோம்."

கடைசி வரி முக்கியம். ஆன்லைன் வழியை நீங்களே சொல்லிவிட்டால், அதற்கும் நேரில் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் பேச்சு நடக்கும்.

கையில் பணம் இல்லை. வழியே இல்லையா?

இருக்கிறது. தன்னார்வலராக வேலை செய்தால் பல மாநாடுகளில் நுழைவு இலவசம். சில மாநாடுகள் உதவித்தொகை டிக்கெட்டுகள் வைத்திருக்கின்றன, விண்ணப்பிப்பவர்கள் குறைவு என்பதால் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கூகுள் பல நாடுகளில் நடத்தும் 'சர்ச் சென்ட்ரல் லைவ்' கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது, பதிவு செய்து இடம் கிடைத்தால் போதும்.

எனக்குப் பிடித்த வழி, பேச விண்ணப்பிப்பது. பேச்சாளருக்கு டிக்கெட் இலவசம், சிலர் பயணச் செலவும் கொடுப்பார்கள். பெரிய அனுபவம் வேண்டும் என்று தயங்க வேண்டாம். தேர்வுக் குழுவினர் தேடுவது உண்மையான எண்களோடு ஒரு சிறு அனுபவத்தை. மாநாட்டுக்குப் பல மாதம் முன்னதாகவே விண்ணப்பங்களை மூடிவிடுவார்கள் என்பதால் இப்போதே அடுத்த ஆண்டுக்குப் பாருங்கள். மேடையேறியவரிடம் மற்றவர்கள் தாங்களாகவே வந்து பேசுவார்கள். கூச்சப்படுபவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

அதைத்தான் கேட்க வந்தேன். தனியாகப் போகிறேன், முன்பின் தெரியாதவர்களிடம் பேச வராது.

ஆயிரம் பேர் இருக்கும் வரவேற்புக் கூடத்தில் போய் நின்றால் யாருக்கும் பேச வராது. சின்ன அறைகளைத் தேர்ந்தெடுங்கள். எட்டுப் பேர் உட்காரும் வட்டமேசை, ஒர்க்‌ஷாப், காலை உணவுச் சந்திப்பு. அங்கே வேலையே பேச்சைத் தொடங்கிவைக்கும்.

போவதற்கு இரண்டு வாரம் முன்னால் மூன்று பேருக்கு எழுதுங்கள். பிரபலங்களுக்கு வேண்டாம், அவர்களைச் சுற்றி எப்போதும் கூட்டம். சின்ன அரங்கில் பேசுபவருக்கோ, போகப்போவதாக லிங்க்ட்இனில் எழுதியிருப்பவருக்கோ எழுதுங்கள். 'உங்கள் பேச்சின் தலைப்பைப் பார்த்தேன், நாங்களும் அதே சிக்கலில் இருக்கிறோம், பேச்சு முடிந்ததும் பத்து நிமிடம் பேசலாமா?' என்றால் போதும்.

அமர்வு முடிந்ததும் பேச்சாளர் முன்னால் ஒரு வரிசை நிற்கும் பாருங்கள், அங்கே போய் நில்லுங்கள். உங்கள் முறை வருவதற்குள் முன்னால் நிற்பவரிடம் 'நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள்?' என்று கேளுங்கள். பேச்சாளரிடம் கேட்பதைவிட அவரிடமிருந்து அதிகம் கிடைத்த நாட்கள் உண்டு. அவருக்கும் உங்களுக்கும் ஒரே சிக்கல் என்பதால்தானே இருவரும் அந்த வரிசையில் நிற்கிறீர்கள்.

ஓர் ஆண்டில் எத்தனை போவது நியாயம்?

வேலையைத் தானே இறங்கிச் செய்பவருக்கு நேரில் ஒன்று, ஆன்லைனில் இரண்டு மூன்று. இது என் கருத்து. அதற்கு மேல் போனால் கேட்டதைச் செய்துபார்க்க நேரம் இருக்காது. புது வாடிக்கையாளர்களைத் தேடுவதே வேலையாக இருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

திரும்பி வந்தபின், போனது பயன்பட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

வந்த மூன்று நாளுக்குள் இரண்டு வேலை. சந்தித்தவர்களுக்கு, பேசிய விஷயத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அனுப்புவதாகச் சொன்ன கோப்பை அனுப்புங்கள். அடுத்து, குழுவுக்கு ஒரு பக்கக் குறிப்பு: என்ன கேட்டேன் என்பது வேண்டாம், நாம் எதை மாற்றிப் பார்க்கலாம் என்பதை மட்டும் எழுதுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஒன்றாவது நடைமுறைக்கு வந்திருக்கிறதா? சந்தித்தவர்களில் ஒருவருக்காவது இப்போதும் ஒரு சந்தேகம் என்றால் போன் போட முடியுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் அடுத்த ஆண்டு அதே மாநாட்டுக்கு நேரில் போகாதீர்கள், ரெக்கார்டிங் போதும். இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால், அடுத்த ஆண்டு டிக்கெட் எப்போது விற்பனைக்கு வருகிறது என்று பார்த்து இப்போதே காலண்டரில் போட்டுவிடலாம்.